தசையும் சர்க்கரையும் சூரிய ஒளியும்: நீரிழிவில் வைட்டமின் ‘டி’யின் பங்கு

நம் நாட்டு மக்களின் உடல் நலத்தை ஆராய்வோர் இரு செய்திகளை இன்று அருகருகே காண்கின்றனர். முதலாவது, நீரிழிவு நோயின் பரவல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008 முதல் 2020 வரை எல்லா மாநிலங்களிலும் படிப்படியாக நடத்தி, 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயாளிகள், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாசலில், அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலையில், நிற்கின்றனர். இரண்டாவது, வைட்டமின் ‘டி’ குறைபாடு. ஆண்டின் பெரும் பகுதியில் வெயில் காயும் நாட்டில், வெயிலால் உடலில் உருவாகும் ஒரு சத்து பற்றாக்குறையாக இருப்பது வியப்புக்குரியதே.

இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டா என்னும் வினா அறிவியல் உலகை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈர்த்து வருகிறது. இது ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய வினா அன்று. தொடர்பு உறுதியானால், மலிவான ஒரு சத்து மாத்திரையைக் கொண்டு கோடிக் கணக்கானோரின் நோயைத் தடுக்க இயலும். தொடர்பு உறுதியாகாத நிலையில் மாத்திரையை நம்பினால், பொதுப் பணமும் தனி மனிதரின் காலமும் வீணாகும். நிரூபிக்கப்பட்ட தடுப்பு முறைகள் பின்தள்ளப்படும். எனவே, இதுவரை அறியப்பட்டது எது, அறியப்படாதது எது என்பதைப் பிரித்துணர்வது அவசியமாகிறது.

தசை: உடலின் சர்க்கரைக் கிடங்கு

நாம் உண்ணும் சோறு, சப்பாத்தி, கிழங்கு முதலியவற்றிலுள்ள மாவுப்பொருள் செரிமானத்தின்போது குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. இச்சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடலாகாது. அது உயிரணுக்களுக்குள் சென்று எரிபொருளாகவோ சேமிப்பாகவோ மாற வேண்டும். இப்பணியில் பெரும் பங்கு எலும்புகளைப் போர்த்தியுள்ள தசைகளையே சாரும். உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு தசையே. இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்திருக்கும் நிலையில் நடத்தப்பட்ட சோதனைகளில், உடல் ஏற்கும் குளுக்கோஸில் சுமார் 80 சதவீதம் வரை தசைகளே உள்வாங்குவது கண்டறியப்பட்டுள்ளது. அங்கே அது கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது.

ஆனால் குளுக்கோஸ் தானாகவே தசை உயிரணுவுக்குள் நுழைந்துவிட முடியாது. உயிரணுவின் மேலுறை கொழுப்பாலானது. அதனை ஊடுருவும் ஆற்றல் சர்க்கரைக்கு இல்லை. அதனை உள்ளே கொண்டு செல்லத் தனிப் புரதங்கள் உள்ளன. தசையில் இப்பணியை முதன்மையாகச் செய்வது ‘குளுட்-4’ எனப்படும் புரதமாகும். சாதாரண வேளைகளில் இது உயிரணுவின் உட்பகுதியில் நுண்ணிய பைகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். கணையத்திலிருந்து சுரக்கும் இன்சுலின், தசை உயிரணுவின் மேலுறையிலுள்ள ஏற்பியைத் தொட்டவுடன், உள்ளே ஒன்றையொன்று தூண்டும் தொடர்வினைகள் நிகழ்கின்றன. அவற்றின் முடிவில் அந்நுண்பைகள் மேலுறைக்கு நகர்ந்து அதனோடு இணைகின்றன. அப்போதுதான் வாயில் திறந்து குளுக்கோஸ் உட்புகுகிறது. கடத்தும் புரதம் இவ்வாறு உள்ளிருந்து மேலுறைக்கு இடம் பெயர்கிறது என்னும் உண்மை, 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுவினரால் கொழுப்பு உயிரணுக்களில் தனித்தனியே வெளியிடப்பட்டது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். சரக்கு இரயிலில் தானியம் வந்து நிலையத்தில் நிற்கிறது. கிடங்கிலும் இடம் இருக்கிறது. ஆனால் கிடங்கின் கதவைத் திறக்கும் ஆணை காவலரின் காதில் விழவில்லை. தானியம் தண்டவாளத்திலேயே தேங்கிக் கிடக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் நிகழ்வது பெரும்பாலும் இதுவே. இன்சுலின் இருந்தும் அதன் ஆணைக்குத் தசை செவிசாய்ப்பதில்லை. இந்நிலை இன்சுலின் எதிர்ப்பு எனப்படுகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சில ஆண்டுகள் ஈடு கொடுக்கிறது. பின்னர் அதுவும் தளர்வுறும்போது, இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்து நோய் வெளிப்படுகிறது.

இந்தியரிடையே இச்சிக்கல் கூடுதலாக இருப்பதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. தோற்றத்தில் மெலிந்திருந்தாலும், உடலில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பது நம்மவரிடையே பரவலாகக் காணப்படும் உடலமைப்பு ஆகும். புணேயைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த யுட்கின் ஆகிய இருவரும் 2004-ஆம் ஆண்டில் தங்கள் உடல் அளவுகளையே எடுத்துக்காட்டாக வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் குறியீட்டெண் இருவருக்கும் 22.3 ஆகவே இருந்தது. ஆயின் உடற் கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். கிடங்கு சிறியதாயின் தேக்கம் விரைவில் நேரும் என்பது வெளிப்படை.

வெயிலில் பிறக்கும் சத்து

வைட்டமின் ‘டி’ உணவுச் சத்து என வகைப்படுத்தப்பட்டாலும், உண்மையில் அது ஒரு ஹார்மோனின் மூலப்பொருள் ஆகும். குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோயைக் குணமாக்கும் பொருளைத் தேடிய முயற்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கண்டறியப்பட்டது. 1922-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மெக்கல்லம், மீன் எண்ணெயில் வைட்டமின் ‘ஏ’ நீங்கலாக வேறொரு சத்தும் உண்டு என்பதை நிறுவி, அது ‘டி’ என்னும் பெயர் பெற வழிவகுத்தார்.

தோலிலுள்ள கொலஸ்டிரால் வகைப் பொருள் ஒன்றின் மீது சூரியனின் புற ஊதாக் கதிர்கள் படும்போது வைட்டமின் ‘டி’ உருவாகிறது. அது முதலில் கல்லீரலில் ஒரு மாற்றத்தை அடைகிறது. இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுவது இவ்வடிவமே. பின்னர் சிறுநீரகத்தில் மேலுமொரு மாற்றத்துக்கு உட்பட்டு, முழுச் செயலாற்றல் கொண்ட ஹார்மோனாகிறது. இந்த ஹார்மோனைப் பற்றிக் கொள்ளும் ஏற்பிகள் குடல், எலும்பு ஆகியவற்றில் மட்டுமன்றி, இன்சுலினைச் சுரக்கும் கணைய உயிரணுக்களிலும், எதிர்ப்பாற்றல் தரும் வெள்ளணுக்களிலும், குறைந்த அளவில் தசையிலும் காணப்படுகின்றன. ஏற்பி இருக்குமிடத்தில் ஏதோ ஒரு பணியும் இருக்க வேண்டும் என்னும் எண்ணமே நீரிழிவு ஆய்வுக்கு வித்திட்டது.

தசையில் அது ஆற்றும் பணி

இத்துறையின் முதல் திருப்பம் கணையத்தில் ஏற்பட்டது. வைட்டமின் ‘டி’ குறைபாடுடைய எலிகளின் கணையம் குறைந்த அளவே இன்சுலினைச் சுரக்கிறது என்பதை 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நார்மன் குழுவினர் எடுத்துக்காட்டினர். இன்சுலின் வெளிப்படுவதற்குக் கால்சியம் உயிரணுவுக்குள் பாய வேண்டும். கால்சியத்தை நெறிப்படுத்தும் வைட்டமின் ‘டி’ இங்கே தொடர்புறுவது இயல்பே. அடுத்து ஆய்வாளர்களின் கவனம் தசையின் பக்கம் திரும்பியது. ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்களையும் விலங்குகளையும் கொண்டு நடத்தப்பட்ட சோதனைகள் பின்வரும் வழிகளைச் சுட்டுகின்றன.

முதலாவது, இன்சுலின் ஏற்பிகளின் எண்ணிக்கை. செயலாற்றல் கொண்ட வைட்டமின் ‘டி’, இன்சுலின் ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் வேலையை ஊக்குவிப்பதாகச் சில உயிரணுச் சோதனைகளில் தெரிய வந்துள்ளது. ஏற்பிகள் மிகுந்தால், ஆணை கேட்கும் செவிகளும் மிகும்.

இரண்டாவது, ஆணை கடந்து செல்லும் பாதை. தசை உயிரணுக்களில் கொழுப்பு அமிலங்கள் மிகும்போது இன்சுலினின் செய்தி வழியிலேயே தடைப்படுகிறது. இவ்வாறு தடையுற்ற தசை உயிரணுக்களுக்கு வைட்டமின் ‘டி’யின் செயல் வடிவத்தைக் கொடுத்தபோது, அவை குளுக்கோஸை ஏற்கும் திறன் ஓரளவு மீண்டது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட விலங்குகளின் தசையில் ‘குளுட்-4’ புரதத்தின் அளவு உயர்ந்ததாகவும் ஆய்வுகள் உள்ளன.

மூன்றாவது, அழற்சி. கொழுப்பு மிகுந்த உடலில் ஓயாத மெல்லிய அழற்சி நிலவுகிறது. அதனால் வெளிப்படும் பொருள்கள் இன்சுலினின் செயலைக் கெடுக்கின்றன. வைட்டமின் ‘டி’ இவ்வழற்சியைத் தணிக்கும் இயல்புடையது.

நான்காவது, தசையின் வலிமை. கடுமையான குறைபாட்டில் தசைகள் தளர்கின்றன; மாடிப்படி ஏறுவதும் தரையிலிருந்து எழுவதும் கடினமாகின்றன. நடமாட்டம் குறைந்தால் சர்க்கரையைச் செலவிடும் வாய்ப்பும் குறைகிறது.

இவை யாவும் நம்பத் தகுந்த வழிகளே. ஆயினும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் உயிரணுவில் நிகழ்வதெல்லாம், பல்லாண்டு உழைத்துக் களைத்த மனித உடலிலும் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளலாகாது. ஆய்வுக்கூடத்தில் கொடுக்கப்படும் அளவுகள் பல வேளைகளில் இரத்தத்தில் இயல்பாக இருக்கும் அளவைவிட மிகுதி. ஆகவே இறுதித் தீர்ப்பை மனிதரிடம் நடத்தும் சோதனைகளே வழங்க வேண்டும்.

மனிதரிடம் கண்டவை

வைட்டமின் ‘டி’ குறைந்தவர்களிடையே நீரிழிவு மிகுதியாகக் காணப்படுவது பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் உறுதியாகியுள்ளது. ஆனால் உடன் காணப்படுவது வேறு, காரணமாவது வேறு. உடற்பருமன் உடையவர்களிடம் இச்சத்து கொழுப்பில் பரவிவிடுவதால் இரத்தத்தில் குறைந்து காணப்படும்; அதே பருமன் நீரிழிவுக்கும் காரணம். நாள் முழுதும் அறைக்குள் அமர்ந்து பணி செய்பவர் வெயிலையும் இழக்கிறார், நடையையும் இழக்கிறார். அவருக்கு நோய் வந்தால், பழி இவ்விரண்டில் எதைச் சாரும்?

இவ்வையத்தைத் தீர்க்க வல்லது, ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிடும் சோதனையே. இவ்வகையில் நியூசிலாந்தில் வாழும் தெற்காசியப் பெண்கள் 81 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவர்கள் இன்சுலின் எதிர்ப்பும் வைட்டமின் ‘டி’ குறைபாடும் ஒருங்கே உடையவர்கள். நாளொன்றுக்கு 4,000 அலகு வீதம் ஆறு மாதங்கள் உட்கொண்டவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. இது ஊக்கம் தரும் முடிவு. எனினும் சிறிய ஆய்வு.

பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 2,423 பேர் இதில் பங்கு கொண்டனர். ஒரு சாராருக்கு நாள்தோறும் 4,000 அலகு வைட்டமின் ‘டி’ அளிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் 2019-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. சத்தைப் பெற்றவர்களில் 293 பேருக்கும், பெறாதவர்களில் 323 பேருக்கும் நீரிழிவு தோன்றியிருந்தது. வேறுபாடு சிறிது, தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பங்கு கொண்டவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே குறைபாடு இல்லை. தாகமில்லாதவருக்குத் தண்ணீர் கொடுத்துப் பயனை அளந்தது போன்ற நிலை இது. மிகக் கடுமையான குறைபாடு இருந்தவர்களிடம் பயன் கூடுதலாகத் தென்பட்டது. ஆனால் அவர்கள் தொகை சிறியது என்பதால் அதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

நார்வே, ஜப்பான் ஆகிய நாடுகளில் நடந்த சோதனைகளும் தனித்தனியே உறுதியான பயனைக் காட்டவில்லை. இம்மூன்று சோதனைகளின் விவரங்களையும் ஒன்றுசேர்த்து 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு, நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 15 சதவீதம் குறைவதாகக் காட்டியது. வேறு வகையில் சொன்னால், முந்தைய நிலையிலுள்ள நூறு பேர் மூன்றாண்டுகள் இச்சத்தை உட்கொண்டால், அவர்களில் ஏறத்தாழ மூவர் நோயிலிருந்து தப்பக்கூடும். இவற்றைக் கருத்தில் கொண்டு அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் வாய்ப்பு மிகுந்த முந்தைய நிலையினருக்கு, வாழ்க்கை முறை மாற்றத்துடன் கூடுதலாக, வைட்டமின் ‘டி’ வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. நீரிழிவு ஏற்கெனவே முற்றியவர்களுக்கு இது இன்சுலினுக்கோ மாத்திரைகளுக்கோ மாற்றாகும் என்பதற்குச் சான்று ஏதுமில்லை.

வெயில் நாட்டில் வறுமை

இந்தியா வட அட்சம் 8 பாகை முதல் 37 பாகை வரை பரவிய நாடு. அப்படியிருந்தும் குறைபாடு ஏன்? தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. உடல் நலமுள்ளவர்களிடையே, திறந்தவெளியில் பணியாற்றும் படைவீரர்களைவிட, மருத்துவமனைக்குள்ளேயே நாளைக் கழிக்கும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் இச்சத்து மிகக் குறைவாக இருந்தது. வெயில் நாட்டில் இருப்பது போதாது, வெயிலில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

கரிய தோலிலுள்ள நிறமி புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதால், நம்மவர்களுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. உடலை முழுதும் மறைக்கும் உடைகள், நெருக்கமான குடியிருப்புகள், கண்ணாடிச் சன்னல்கள் யாவும் இக்கதிர்களை மறிக்கின்றன. காற்று மாசும் ஒரு காரணமே. தில்லியில் மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில் இச்சத்து சராசரியாக மில்லி லிட்டருக்கு 12.4 நானோகிராமாகவும், மாசு குறைந்திருந்த குர்கான் பகுதிக் குழந்தைகளிடம் 27.1 நானோகிராமாகவும் இருந்ததை 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. 2016–18-ஆம் ஆண்டுகளில் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, பள்ளி செல்லும் முன் பருவத்தினரில் 14 சதவீதத்தினருக்கும், வளரிளம் பருவத்தினரில் 24 சதவீதத்தினருக்கும் குறைபாடு இருந்தது.

இளங்காலை வெயில் இதமானது. ஆனால் அதில் தேவையான புற ஊதாக் கதிர்கள் மிகக் குறைவு. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலிலேயே இச்சத்து மிகுதியாக உருவாகிறது என்பது திருப்பதியில் நடந்த ஆய்வில் உறுதியாயிற்று. ஒருவருடைய நிழல் அவர் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரம் என்று எளிதாக நினைவில் கொள்ளலாம்.

உணவின் வழி கிடைப்பது குறைவே. கொழுப்பு மிகுந்த மீன், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் இது உண்டு. தானியங்களிலும் பருப்பிலும் இல்லை எனலாம். இதனைக் கருதியே, பாலிலும் சமையல் எண்ணெயிலும் வைட்டமின் ‘ஏ’, ‘டி’ ஆகியவற்றைச் சேர்ப்பதற்கான விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2018-ஆம் ஆண்டில் வகுத்தது. மாத்திரையைத் தேடி வர இயலாத ஏழை மக்களையும் எட்டும் வழி இதுவே.

மிகுதியும் தீங்கே

இச்சத்து கொழுப்பில் கரைவது. தேவைக்கு மிஞ்சியதை உடல் எளிதில் வெளியேற்றாது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 அலகு போதுமென்றும், 4,000 அலகுக்கு மேல் தாமாகவே உட்கொள்ளலாகாதென்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. ஆனால் மருந்துக் கடைகளில் பெரிதும் விற்பனையாவது 60,000 அலகு கொண்ட பொட்டலமும் மாத்திரையுமே. குறைபாட்டைச் சரிசெய்ய, வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது இது. அதனை நாள்தோறும் உண்போரும், மாதக் கணக்கில் தொடர்வோரும் உண்டு. இரத்தத்தில் கால்சியம் அளவு மீறி, வாந்தி, மிகு தாகம், மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை நேரக்கூடும். நீரிழிவால் முன்னரே சிறுநீரகம் நலிந்தவருக்கு இது இரட்டை இடராகும்.

நடைக்கு நிகர் ஏது?

தசையின் வாயிலைத் திறக்க இன்சுலினைத் தவிர மற்றொரு திறவுகோலும் உண்டு. அது உழைப்பு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் ஆணையை எதிர்பாராமலே, வேறொரு வழியில் ‘குளுட்-4’ மேலுறைக்கு நகர்கிறது. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையும் உழைப்புக்கு இணங்குகிறது. உணவுக்குப் பின் சிறிது தூரம் நடப்பதால் இரத்தச் சர்க்கரை குறைவதன் காரணம் இதுவே.

இதன் ஆற்றலை அளந்து காட்டிய பெருமை சென்னைக்கு உண்டு. மருத்துவ அறிஞர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டில் வெளியாயின. முந்தைய நிலையிலிருந்த 531 பேரைக் கொண்டு நடந்த இவ்வாய்வில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55.0 சதவீதத்தினருக்கு நீரிழிவு தோன்றியது. உணவிலும் உடலுழைப்பிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் இது 39.3 சதவீதமே. அதாவது நூறு பேரில் ஏறத்தாழ பதினாறு பேர் காக்கப்பட்டனர். வெவ்வேறு மக்களிடம் நடந்த ஆய்வுகளை நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியன்று எனினும், வைட்டமின் ‘டி’யால் காக்கப்பட்ட மூவரையும் இப்பதினாறு பேரையும் எண்ணிப் பார்ப்போருக்கு, எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது விளங்கும்.

தொற்றா நோய்களைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 2010-ஆம் ஆண்டில் 100 மாவட்டங்களில் தொடங்கி விரிவடைந்துள்ளது. இத்திட்டத்தில் வைட்டமின் ‘டி’க்கு உரிய இடம் எது என்பதை இதுகாறும் கண்டவற்றால் வரையறுக்கலாம். எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்வது செலவு மிகுந்தது, தேவையுமன்று. எலும்பு வலி, தசைத் தளர்ச்சி உடையோர், வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோரிடம் குறைபாட்டைக் கருத்தில் கொள்வது பொருத்தம். கண்டறியப்பட்ட குறைபாட்டை, நீரிழிவு இருப்பினும் இல்லாவிடினும், சரிசெய்ய வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் அதனால் நன்மை உறுதி. சர்க்கரைக்கும் சிறிது நன்மை விளைந்தால் அது உபரி வருவாய். மாத்திரையைக் காட்டிலும் செறிவூட்டிய பாலையும் எண்ணெயையும் நியாயமான விலையில் எட்டச் செய்வது நிலையான வழி.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மக்கள் நடப்பதற்கு இடம் வேண்டும். நிழல் மரங்களுடன் கூடிய நடைபாதை, பூட்டப்படாத பூங்கா, ஆண்களைப் போலவே பெண்களும் அச்சமின்றி நடமாடக்கூடிய திடல், பள்ளியில் நண்பகலை ஒட்டிய ஒரு விளையாட்டு வேளை ஆகியவை மருத்துவத் துறையின் வரவு செலவுத் திட்டத்தில் இடம் பெறுவதில்லை. ஊராட்சியும் நகராட்சியும் கல்வித் துறையும் செய்ய வேண்டிய பணிகள் அவை. ஆயினும் திறந்தவெளியில் நடக்கும் மனிதர் ஒரே முயற்சியில் தசைக்கு உழைப்பையும் தோலுக்கு வெயிலையும் பெறுகிறார். வைட்டமின் ‘டி’யின் பங்கு சிறிதா பெரிதா என்னும் ஆய்வு எவ்வாறு முடிந்தாலும், அந்நடையின் பயன் குறையப் போவதில்லை.